கோட்டோரக் கலைஞர் கொர்பாத்தா

கல்லூரி மலர்களிலே பெரியார் வரலாறுகள் இடம்பெறுதல் மரபு. புலவர், துறவியர், அரசறிஞர், விஞ்ஞானிகள் என்போர் வாழ்க்கையை மாணவர் படித்துப் பயன்பெறல் வேண்டும் என்பது அம்மரபின் நோக்கம். யாம் இங்கு எழுதப் புகுந்தது அவ்வரிசையிற் சேராத ஒருவரைப் பற்றி. அவர் எழுத்தறியாதவர். தம் பெயர் செய்தித்தாள்களிலே கொட்டை எழுத்தில் அச்சாகிய நாளிலும் அதனைத் தாமே படிக்க மாட்டாதிருந்தவர். ஆயினும், உதைபந்தாட்டம் என்னும் கலையிலே அவருக்கு நிகராகத் தேர்ந்தவர் உலகில் மிகச் சிலரே. ஆர்ஜென்ரீனா நாட்டின் வலது ஓர ஆட்டக்காரர் ஒறெஸ்தெ ஒஸ்மார் கொர்பாத்தா என்பவரே அவர். பகலிற் புத்தகமும் மாலையிற் பந்துமாக வளர்ந்தவர்கள் எம் பழைய மாணவர். அவ்விரண்டில் ஒன்று மட்டுமே வாய்த்த ஒருவர் எங்குச் சென்று சேர்ந்தார் என்பதை அவர்கள் அறிந்துகொள்ளுதல் தகும் என எண்ணுகின்றோம்.

புவனஸ் அயரிஸ் மாகாணத்திலே, கோதுமை வயல்களும் மாட்டு மந்தைகளும் நிறைந்த பெருஞ்சமவெளியில், டைரோ என்னும் சிற்றூர் உளது. அங்கு 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள் கொர்பாத்தா பிறந்தார். குடும்பம் வறியது, தந்தையார் காலமானது பிள்ளையின் இளமையிலே. பிழைப்பை நாடிக் குடும்பம் லா பிளாத்தா நகருக்குப் பெயர்ந்தது. இலவசக் கட்டாயக் கல்விக்கு 1884இலேயே சட்டம் இயற்றிய நாடு ஆர்ஜென்ரீனா. எழுத்தறிவில் தென் அமெரிக்காவின் முன்னணியில் நின்ற நாடும் அதுவே. அத்தகைய நாட்டிலும் பள்ளியின் கையிற் படாமல் நழுவிய சிறுவர் இருந்தனர். இவர் அவர்களுள் ஒருவர். பள்ளி செல்லாத பொழுதெல்லாம் தெருவிலும் வெறுநிலத்திலும் பந்தோடு கழிந்தது. அந்நாட்டில் அத்தகைய வெறுநிலங்களே நெடுங்காலமாக உதைபந்தாட்டத்தின் ஆரம்ப பாடசாலைகளாய் விளங்கின.

தலைநகரை அடுத்துள்ள அவெல்லனேடா என்னும் தொழிற்சாலை நகரிலே றேசிங் கழகம் உண்டு. 1913 முதல் 1919 வரை தொடர்ந்து ஏழாண்டுகள் நாட்டின் முதலிடத்தை வென்று, பிறர்க்கு ஆட்டம் கற்பித்தமையால், அக்கழகத்துக்குக் கல்விக்கழகம் என்னும் பட்டப்பெயர் வழங்கலாயிற்று. எழுத்தறியாத இவ்விளைஞர் 1955இற் சேர்ந்தது அந்தக் கல்விக்கழகத்திலேதான். அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது. ஆர்ஜென்ரீனாவில் 1931 முதலே உதைபந்தாட்டம் ஊதியத்துக்கு ஆடும் தொழிலாகியிருந்தது. அத்தொழிலில் ஓர் ஆட்டக்காரர் ஒரு கழகத்தில் ஒருகாற் பதிவு பெற்றுவிட்டால், அக்கழகத்தின் இசைவின்றி வேறிடம் செல்லல் இயலாது. கழகம் விற்கும், கழகம் வாங்கும். வயலின் விலை வயலுக்குத் தெரியாதவாறு போல, ஆட்டக்காரரின் விலையும் பெரும்பாலும் அவரைக் கேளாமலே பேசப்பட்டது.

அவர் ஆடிய இடத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் நன்று. ஏழாம் இலக்கச் சட்டை அணிந்து வலக்கோட்டை ஒட்டி நிற்பவரே அக்காலத்து வலது ஓர ஆட்டக்காரர். நடுவில் ஆடுபவர்க்கு இருபுறமும் வழியுண்டு. ஓரத்தில் ஆடுபவர்க்கோ ஒருபுறமே வழி. மறுபுறத்திலே கோடு நின்று எதிரணிக்கு மேலும் ஒரு காவலர்போல் உதவுகின்றது. எனவே விரைந்தோடுபவர் பலர் ஓரத்தில் தோற்றுப்போவர். கொர்பாத்தாவின் வலிமை ஓட்டத்திலன்று, நிறுத்தத்திலே இருந்தது. முழு வேகத்திற் சென்று பந்தின்மேற் காலை வைத்துச் சிலைபோல் நிற்பார்; உடன் ஓடிவந்த காவலர் தம் வேகத்தாலே நான்கடி அப்பாற் செல்வார். பந்தை அசைக்காமல் இடுப்பையும் தோளையும் மட்டும் அசைப்பார். காவலர் அசைந்த பக்கம் சாய்வார். பந்து மறுபக்கம் போகும். இவ்வாறு ஓரத்தின் நெருக்கடியையே தமக்கு அரணாக்கிக்கொண்டமையால், இரசிகர் அவரைக் கோட்டின் சொந்தக்காரர் என்றும், கிறுக்கர் என்றும், கோமாளி வேடக்காரர் என்றும் அன்போடு அழைத்தனர். தண்டனை உதைகளிலும் அவர் தப்பவிடுதல் அரிது.

1957ஆம் ஆண்டு மார்ச்சு, ஏப்ரில் மாதங்களிலே பெரு நாட்டின் லீமா நகரில் தென் அமெரிக்கக் கிண்ணப் போட்டிகள் நிகழ்ந்தன. அங்கு சென்ற ஆர்ஜென்ரீனாவின் முன்னணி வரிசை கொர்பாத்தா, மாஸ்கியோ, அஞ்செலில்லோ, சீவொரி, குறூஸ் என ஐவரால் ஆனது. ஆட்டத்தில் அவர்கள் காட்டிய குறும்பு காரணமாக அழுக்கு முகத்துப் பிள்ளைகள் என்று பெயர் பெற்றனர். கொலம்பியாவை எட்டுக்கு இரண்டு, உருகுவேயை நான்குக்குப் பூச்சியம், சிலியை ஆறுக்கு இரண்டு, டிடி முதலியோர் ஆடிய பிறேசிலை மூன்றுக்குப் பூச்சியம் எனத் தோற்கடித்துக் கிண்ணத்தைக் கைப்பற்றினர். முதலிடம் உறுதியானபின் பெருவிடம் மட்டும் தோற்றனர். ஆர்ஜென்ரீனா அனுப்பிய அணிகளுள் இதனையே தலையாயது என்று கூறும் முதியோர் உளர். யாமும் அக்கூற்றை மறுக்கத் துணியோம்.

கிண்ணம் வந்தது, ஆட்டக்காரர் போயினர். அவ்வாண்டிலேயே மாஸ்கியோ பொலோஞ்ஞாவுக்கும், அஞ்செலில்லோ மிலான் நகர இன்ரர் கழகத்துக்கும், சீவொரி யுவென்ற்றஸ் கழகத்துக்கும் விற்கப்பட்டனர். இத்தாலி சென்ற மூவரும் அங்கே செல்வமும் புகழும் பெற்றனர். சீவொரி 1961இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். அஞ்செலில்லோ 1958–59 பருவத்தில் 33 கோல்கள் அடித்தார். கொர்பாத்தா தம் நாட்டிலேயே தங்கினார்.

அதே ஆண்டு ஒக்ரோபர் மாதம், உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியொன்றில், புவனஸ் அயரிசிலே சிலியை ஆர்ஜென்ரீனா நான்கு கோல்களால் வென்றது. அன்று கொர்பாத்தா அடித்த ஒரு கோல் இன்றும் பேசப்படுகின்றது. காவலரை ஏமாற்றி, கோல் காப்பாளரையும் ஏமாற்றி, வெறுமையாயிருந்த கோலின் முன் வந்துவிட்டார். பிறர் எவராயினும் அக்கணமே பந்தை உள்ளே தள்ளியிருப்பர். அவர் தள்ளவில்லை, நின்றார். மீண்டெழுந்து பாய்ந்து வந்த காவலரை இன்னொரு முறை பொய்யசைவாற் சாய்த்துவிட்டு, அதன் பின்னரே பந்தை ஆறுதலாக உள்ளே செலுத்தினார். இது வீண் ஆடம்பரம் என்று கண்டிப்பான பயிற்சியாளர் கூறக்கூடும். எமக்கோ, தம் கைவசமிருந்த ஒரேயொரு கல்வியை இயன்றவரை நீட்டித்து அனுபவித்த ஒருவரின் செயலாகவே அது தோன்றுகின்றது.

மைதானத்துக்கு வெளியே அவர் நாணம் மிக்கவர். ஆட்டங்களுக்கு முந்திய நாட்களில் அணியினர் ஒரே விடுதியிலே தங்கவைக்கப்படுவர். காலையில் ஏனையோர் செய்தித்தாள் விரிக்கையில் இவரும் ஒரு தாளை எடுத்து விரித்துவைத்து, படிப்பவர்போல் நெடுநேரம் அமர்ந்திருப்பாராம். உடன் ஆடியோர் சிலர் இதனை அறிந்திருந்தனர், கேலியாகவும் சொல்லிக்கொண்டனர். அவருடைய கால்களுக்கு மருத்துவர், பிடித்துவிடுவோர், பாதணி தைப்போர் ஆகிய அனைவரையும் அமர்த்திய செல்வாக்குள்ள நிருவாகிகள், மாலையில் ஒரு மணிநேரம் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியரை அமர்த்தவில்லை. அதற்காகும் செலவு ஒரு சோடி பாதணியின் விலையினும் மிகுதியாயிராது. எனினும், எழுத்தறியாத ஆட்டக்காரரோடு ஒப்பந்தம் பேசுதல் நிருவாகிகளுக்கு எத்துணை எளிது என்பதையும் வாசகர் நினைத்துப் பார்ப்பாராக.

1934க்குப் பின் முதன்முறையாக ஆர்ஜென்ரீனா உலகக் கிண்ணத்துக்குச் சென்றது 1958இல், சுவீடனுக்கு. இத்தாலிக்கு விற்கப்பட்ட மூவரும் அழைக்கப்படவில்லை. பயிற்சியாளர் ஸ்தாபிலே, 1930ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் அதிக கோல்களை அடித்தவர். ஆயின், ஐரோப்பியரின் உடற்பயிற்சியும் வேகமும் எவ்வளவு முன்னேறிவிட்டன என்பதை அவர் அணி அறிந்திருக்கவில்லை. மேற்கு ஜேர்மனிக்கு எதிரான முதலாட்டத்திலே மூன்று நிமிடங்களுக்குள் கொர்பாத்தா கோல் அடித்தார். ஆட்டம் மூன்றுக்கு ஒன்று எனத் தோல்வியாய் முடிந்தது. வட அயர்லாந்தை மூன்றுக்கு ஒன்றென வென்ற ஆட்டத்தில் இவர் தண்டனை உதையால் ஒரு கோல் அடித்தார். பின்னர் ஹெல்சிங்போர்க் நகரிலே செக்கோசிலோவாக்கியாவிடம் ஆறுக்கு ஒன்று என்ற பெருந்தோல்வி. அந்த ஒன்றும் கொர்பாத்தா தண்டனை உதையால் அடித்ததே. மூன்று ஆட்டம், மூன்று கோல். திரும்பி வந்த அணியை விமான நிலையத்திலே மக்கள் நாணயங்களை வீசி அவமதித்தனர். அத்தோல்வியிற் பழுதின்றி மீண்டவர் இவரொருவரே என்று பின்னர் பலரும் ஒப்புக்கொண்டனர்.

அவ்வாண்டு றேசிங் நாட்டின் முதலிடத்தைப் பெற்றது. கொர்பாத்தா, பிசூத்தி, மன்பிறெடீனி, சோசா, பெலேன் என்னும் அம்முன்னணி வரிசையை அக்கழகத்தார் இன்றும் ஒரே மூச்சிற் சொல்வர். 1959இல் புவனஸ் அயரிசில் நிகழ்ந்த தென் அமெரிக்கக் கிண்ணத்தின் இறுதி நாளிலே, பேலே ஆடிய பிறேசிலோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சமன்செய்து ஆர்ஜென்ரீனா மீண்டும் கிண்ணம் பெற்றது. கொர்பாத்தாவுக்கு அது இரண்டாவது. 1961இல் றேசிங் மீண்டும் முதலிடம் பெற்றது. அப்பொழுதே மதுப்பழக்கம் அவரைப் பற்றியிருந்தது. இல்வாழ்வும் நிலைக்கவில்லை.

1963இல் பொக்கா யூனியர்ஸ் கழகம் பெருந்தொகை கொடுத்து அவரை வாங்கியது. அக்கழகம் 1964இலும் 1965இலும் முதலிடம் பெற்றதாயினும், அவ்வெற்றிகளில் இவர் பங்கு சிறிதே. ஆடிய நாட்களினும் ஆடாதிருந்த நாட்களே மிகுதி. 1965இற் கொலம்பியா சென்று மெதெயின் நகரத்து இன்டிபென்டியன்ற்றே கழகத்தில் சில ஆண்டுகள் ஆடினார். 1966இல் அக்கழகம் அந்நாட்டில் இரண்டாமிடம் பெற்றது. அங்கிருந்து திரும்பியபொழுது கையிற் பொருளில்லை. 1970இல் கீழ்ப்பிரிவைச் சேர்ந்த சான் தெல்மோ கழகத்திலும், பின்னர் தெற்கே றியோ நேக்றோ மாகாணத்துச் சிறு கழகங்களிலும் ஆடினார். அவ்வூர் மக்கள், ஒருகாலத்தில் இலட்சம் பேர் எழுந்துநின்று பார்த்த அசைவுகளைச் சில நூறு பேராய் வேலியோரம் நின்று பார்த்தனர். முப்பத்தைந்து வயதைக் கடந்த பின்னும் அவர் ஆடியது ஆசையினால் மட்டுமன்று. வேறு தொழில் எதுவும் அறியாமையாலுமாம்.

அவரோடு ஒரே வரிசையில் ஆடிய பிசூத்தி பயிற்சியாளராகி, 1967இல் றேசிங் கழகத்தைக் கண்டங்களுக்கிடையிலான கிண்ணத்தை வெல்லச் செய்தார். இத்தாலியிலிருந்து மீண்ட மாஸ்கியோவும் அவ்வணியில் ஆடினார். கொர்பாத்தாவுக்கு அத்தகைய இரண்டாம் வாழ்வு வாய்க்கவில்லை. அவரோடு ஒப்பிடத்தக்கவர் பிறேசிலின் வலது ஓரத்தில் ஆடிய கறிஞ்சாவே. அவரும் வறுமையிற் பிறந்து, காவலரை ஏமாற்றும் கலையில் ஒப்பற்றவராகி, மதுவால் அழிந்து 1983இல் இறந்தார். ஆயின் கறிஞ்சாவுக்கு இரு உலகக் கிண்ணங்கள் கிடைத்தன. அதனால் உலகம் அவரை நினைக்கின்றது. கொர்பாத்தாவைத் தம் நாட்டார் மட்டுமே நினைக்கின்றனர்.

பிற்காலத்தில் அவருக்கு வீடில்லை. றேசிங் கழகத்தார் தம் விளையாட்டரங்கின் உள்ளேயே ஓர் அறையை அவருக்கு ஒதுக்கினர். மக்கள் உருளை என்று வழங்கும் பேரரங்கு அது. எந்த வலக்கோட்டைத் தம் சொத்தாக ஆண்டாரோ, அதற்குச் சில அடி தூரத்தில், இருக்கைகளின் கீழே அவர் படுத்துறங்கினார். பின்னர் தொண்டையிற் புற்றுநோய் கண்டது. 1991இல், தமது ஐம்பத்தைந்தாம் வயதில், லா பிளாத்தாவிலே காலமானார். நாட்டின் சார்பில் 43 ஆட்டங்கள் ஆடி 18 கோல்கள் அடித்திருந்தார்.

அவெல்லனேடாவில், அவ்வரங்கை ஒட்டிச் செல்லும் தெரு இப்பொழுது ஒறெஸ்தெ ஒஸ்மார் கொர்பாத்தா என்றே வழங்குகின்றது. ஆட்ட நாட்களிலே வெள்ளையும் இளநீலமும் கோடிட்ட சட்டை அணிந்த தந்தையர், தம் பிள்ளைகளைக் கைப்பிடித்துக்கொண்டு அத்தெரு வழியே உள்ளே செல்கின்றனர்.