கந்தோர் முடிந்த பிறகு கிடைத்த நேரம்

பருத்தித்துறை வீதியில் நீர்வேலியைத் தாண்டினால் சிறுப்பிட்டி. 1832இல் அங்கே பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவர் என்று பாடசாலையில் ஒரு வரியில் படித்துவிட்டு அவரைக் கடந்து வந்தவர்கள்தான் எங்களில் பலர். பத்திரிகை வேலைக்கு வந்த பின்னர் அவரைப் பற்றி மீண்டும் வாசித்தபோது எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. முழுநேர உத்தியோகம் பார்த்த ஒருவருக்கு இத்தனையையும் செய்ய நேரம் எங்கிருந்து கிடைத்தது?

வட்டுக்கோட்டை செமினரியில் படித்து, கோப்பாயில் ஆசிரியராக இருந்து, பின்னர் சென்னைக்குப் போனவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். மற்றவரான கறல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தவரே. சில காலம் கள்ளிக்கோட்டையில் கற்பித்த பின்னர், சென்னை அரசாங்கக் கணக்குக் கந்தோரில் சேர்ந்து உயர்பதவி வரை போனார். வேலையோடு வேலையாகச் சட்டமும் படித்து 1871இல் பி.எல். பட்டம் பெற்றார்.

பகலில் பார்த்தது வரவு செலவுக் கணக்கு. மிச்ச நேரத்தில் பார்த்தது ஓலைச்சுவடி. இரண்டு வேலைக்கும் பொறுமையும் கூர்மையான கண்ணும் வேண்டும். ஒரே நூலின் பல ஏடுகளைத் தேடி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஓர் ஏட்டில் இருக்கும் சொல் இன்னொன்றில் மாறியிருக்கும். சிலவற்றில் வரிகளே இருக்காது. பழைய ஓலையில் எழுத்துக்குப் புள்ளியும் இல்லை. பூச்சி அரித்த ஏட்டைப் பிரித்தால் ஓரம் உதிரும். கணக்குப் பார்த்துப் பழகிய கை இங்கேயும் உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் 1868இல் அச்சேற்றினார். அதைப் பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். 1881இல் வீரசோழியம் வந்தது. அடுத்த ஆண்டுதான் அவர் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. கும்பகோணத்தில் வழக்கறிஞராக வேலை செய்துகொண்டே 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டார். 1887இல் கலித்தொகை. எட்டுத்தொகை நூல்களில் முதன்முதலில் அச்சைக் கண்டது அதுதான். புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்த காலத்தில், 1889இல், இலக்கண விளக்கமும் சூளாமணியும் வந்தன. இந்த வேலைகளை அவருக்கு எந்தக் கந்தோரும் கொடுக்கவில்லை. 1901ஆம் ஆண்டின் முதல் நாளில் அவர் காலமானார்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவருக்குப் பதவி இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது. நாட்கூலிக்குப் போய் வந்து கடனுக்குக் கட்டும் ஒருவரிடமோ, வெளிநாட்டில் இரண்டு வேலை செய்யும் ஒருவரிடமோ போய், உங்கள் ஓய்வையும் ஊருக்குக் கொடுங்கள் என்று கேட்பது நியாயமில்லை. களைத்த உடம்புக்கு நித்திரைதான் முதல் தேவை.

ஆனாலும் இந்தக் கதை எங்களுக்கு இன்னொரு விதத்திலும் நெருக்கமானது. அவர் காலத்தில் ஏடுகளைத் தின்றது செல்லும் கறையானும். எங்கள் காலத்தில் தின்றது நெருப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 1995 இடப்பெயர்வில் வலிகாமத்து வீடுகளில் விட்டுவந்த கொப்பிகள், கடிதங்கள், படங்கள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. வன்னியில் கைவிட்டவையும் அப்படித்தான்.

போனதைத் திருப்பி எடுக்க முடியாது. மிஞ்சியிருப்பதைக் காக்கலாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம், வேறு வேலை பார்த்த தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தைக் கொடுத்து வளர்த்தது. இன்று பல்லாயிரம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அதில் படிக்க முடிகிறது.

அத்தனை பெரிதாக யாரும் தொடங்கத் தேவையில்லை. ஒரு போயா லீவில் அம்மம்மாவின் பக்கத்தில் இருந்து, பழைய படத்தில் நிற்பவர்களின் பெயர்களைக் கேட்டுப் பின்பக்கத்தில் எழுதிவைக்கலாம். கோயில் மலர் ஒன்று அலுமாரியில் கிடந்தால் கைத்தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம். அரைநாள் வேலை. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.