அழவைத்த கார்ட்டூன்

மிக்கி எலியைத் திரைக்குத் தந்தவர் வால்ட் டிஸ்னி. 1901-ல் அமெரிக்காவில், சிக்காகோ நகரில் பிறந்தார்.

அந்நாளில் கார்ட்டூன் என்றால் சில நிமிடச் சிரிப்புப் படம்தான். டிஸ்னியோ முழுநீளப் படம் எடுக்கத் துணிந்தார். அதுவே 'ஸ்நோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்'.

வீடு அடமானம்!

ஒரு வினாடியில் திரையில் 24 படங்கள் ஓடும். எல்லாவற்றுக்கும் ஓவியர்கள் கையால் வரைந்தார்கள். பணம் தண்ணீராய்க் கரைந்தது. மனைவியும் அண்ணன் ராயும் வேண்டாம் என்றார்கள். படவுலகம் கேலி செய்தது. டிஸ்னி வீட்டையே அடமானம் வைத்தார்.

1937 டிசம்பர் 21. லாஸ் ஏஞ்சல்சில் படம் வெளியானது. ஸ்நோ ஒயிட் மூச்சின்றிக் கிடக்கிறாள். எப்போதும் சிடுசிடுக்கும் குள்ளன்கூட விம்முகிறான். பார்த்தவர்களும் அழுதார்கள்!

1939-ல் ஆஸ்கார் சிறப்புப் பரிசு கிடைத்தது: பெரிய சிலை ஒன்று, சின்னச் சிலைகள் ஏழு!

டிஸ்னி 1966-ல் மறைந்தார். அந்தப் படத்தைப் பார்த்தால் குள்ளர்களின் குனிந்த தலைகளைக் கவனியுங்கள். பேச்சில்லாமலே துக்கம் தெரியும்.