மாண்டிசோரி அம்மையார்

செடியை நட்டவன் அதனை நாள்தோறும் பற்றி இழுத்து வளர்ப்பதில்லை. நீர் பாய்ச்சுகிறான்; வேலி அமைக்கிறான்; வளர்வது செடியின் செயலே. குழந்தையின் வளர்ச்சியும் அத்தகையதே என்று உலகிற்கு உணர்த்தியவர் மரியா மாண்டிசோரி அம்மையார் ஆவார்.

இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் ஊரில் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் அம்மையார் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை அக்காலத்தார் விரும்பவில்லை, தந்தையாரும் விரும்பவில்லை. ஆயினும் அம்மையார் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். ஆடவரோடு ஒருங்கிருந்து பிணங்களை அறுத்து ஆராய்தல் பெண்ணுக்குத் தகாது எனக் கருதப்பட்டமையால், ஏனைய மாணவர் சென்ற பின்னர்த் தனியே இருந்து அப்பயிற்சியைச் செய்தார். 1896ஆம் ஆண்டில் பட்டமும் பெற்றார்.

பின்னர், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அவர்கள் ஒரு வெற்றறையில் அடைபட்டிருந்தனர். உணவுக்குப்பின் தரையிற் சிந்திய ரொட்டித் துணுக்குகளே அவர்களுக்கு விளையாட்டுப் பொருள்கள். இவர்களுக்கு மருந்தினும் கைக்கு வேலையே வேண்டும் எனத் தெளிந்து, பல கருவிகளைக் கொண்டு பயிற்சி அளித்தார். அவர்களுட் சிலர் எழுதப் படிக்கக் கற்று, ஏனைய மாணவர் எழுதும் தேர்விலேயே தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ, நலமுள்ள குழந்தைகள் இவர்களினும் நெடுந்தொலைவு முன்னேறாமைக்குக் காரணம் யாது எனச் சிந்திக்கலானார்.

அதற்கு விடை காணும் வாய்ப்பு 1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் வந்தது. உரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில், ஏறத்தாழ 50 குழந்தைகளுடன் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கப்பட்டது. ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மர உருளைகளை அவற்றிற்குரிய துளைகளிற் பொருத்திக்கொண்டிருந்தாள். சுற்றிலும் பிற குழந்தைகள் பாடினர். அம்மையார் நாற்காலியோடு அவளைத் தூக்கியும் வைத்தார். அவள் கவனம் சிதறவில்லை. பன்முறை அச்செயலைச் செய்து முடித்து, மலர்ந்த முகத்தோடு எழுந்தாள். ஆழ்ந்து செயலில் ஈடுபடும் குழந்தையின் உள்ளம் அமைதி பெறுவதை அம்மையார் கண்டார்.

மற்றொரு நாள், நன்னடத்தைக்குப் பரிசாகத் தரப்பட்ட பதக்கத்தை ஒரு சிறுவன் சுமையெனக் கருதினான். தண்டனை பெற்று அமர்ந்திருந்த வேறொரு சிறுவனுக்கு அதனைக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தான். பரிசும் தண்டனையும் இன்றியே குழந்தைகள் ஒழுங்கை விரும்புவர் என்பதை இதனால் உணர்ந்து, அவ்விரண்டையும் அம்மையார் நீக்கிவிட்டார்.

கல்விக் கருவி ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றாக வைக்கப்பட்டது. ஒருவன் பயன்படுத்தும்போது மற்றவன் காத்திருத்தல் வேண்டும். அதனால் பொறுமையும் பிறர் உரிமையை மதிக்கும் பண்பும் இயல்பாக வளர்ந்தன. வெவ்வேறு வயதினர் ஒருங்கிருந்தமையால் மூத்தோர் இளையோர்க்கு உதவினர். இளையோர் மூத்தோரைப் பார்த்துக் கற்றனர்.

அம்மையாரின் புகழ் பல நாடுகளிலும் பரவியது. ஆனால், முசோலினியின் ஆட்சிக்கு அவர் பணியவில்லை. 1934இல் தாய்நாட்டை விட்டு நீங்கினார். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டமையால் ஸ்பெயினையும் துறந்தார்.

1939ஆம் ஆண்டின் இறுதியில், அருண்டேல், ருக்மிணிதேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஏறத்தாழ 300 பேர் அங்கே பயிற்சி பெற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் விரிவுரையாற்ற, மாரியோ ஆங்கிலத்திற் பெயர்த்துரைத்தார். 1940இல் இத்தாலி போரிற் புகவே, பகைநாட்டார் என்று மாரியோவை ஆங்கில அரசு சிறைவைத்தது. பேச்சுக்குத் துணையாயிருந்த மகன் பிரிந்தபோதும் அம்மையார் மனந்தளரவில்லை. அவரது 70ஆவது பிறந்தநாளன்று மாரியோ விடுவிக்கப்பட்டார். அதனினும் சிறந்த பரிசு ஒரு தாய்க்கு வேறென்ன உண்டு!

பின்னர்க் கோடைக்கானலில் இரண்டாண்டுகள் தங்கிக் குழந்தைகளோடு பழகி ஆராய்ந்தார். பிறந்த நாள்தொட்டே குழந்தை சுற்றுப்புறத்தினின்று மொழியையும் அன்பையும் உள்வாங்குகின்றது என்னும் கருத்து, இந்தியாவில் அவர் ஆற்றிய பணியில் முதிர்ந்தது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் அம்மையார் மறைந்தார்.

இரு பெரும் போர்களைக் கண்ட அவர், உலக அமைதி குழந்தையின் உள்ளத்திலேயே தொடங்கவேண்டும் என உறுதியாக நம்பினார். தம்மினும் இளையோர்க்கு இடந்தந்து, தம் முறை வரும்வரை பொறுத்திருக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்நம்பிக்கைக்கு உரம் சேர்ப்பவரே ஆவர்.