நூலகச் சுவரில் ஓர் இனத்தின் கதை

பெரிய ஓவியரின் படம் என்றால் செல்வந்தர் மாளிகையில்தான் தொங்கும் என்பது பலரின் எண்ணம். சாதாரண மக்கள் வந்துபோகும் நூலகத்தில் தம் இனத்தின் வரலாற்றையே வரைந்து வைத்தவர் அமெரிக்க ஓவியர் ஆரன் டக்ளஸ்.

கான்சாஸ் மாநிலம் டொப்பீகா நகரில் 1899-ம் ஆண்டு மே 26-ந்தேதி கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ரொட்டி சுடும் தொழிலாளி. தாயாருக்குப் படம் வரைவதில் பிரியம். அது மகனையும் பற்றிக்கொண்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் டெட்ராய்ட் நகருக்குப் போய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஓய்வு நேரத்தில் ஓவியம் கற்றார். பின்னர் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1922-ல் பட்டம் பெற்றார். கான்சாஸ் சிட்டியில் பள்ளி ஆசிரியர் வேலையும் கிடைத்தது.

நிலையான அந்த வேலையை உதறிவிட்டு 1925-ல் நியூயார்க் வந்தார். அங்குள்ள ஹார்லம் பகுதியில், தென் மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பிப் பிழைக்க வந்த கறுப்பின மக்கள் திரண்டிருந்தனர். ஜெர்மனியில் பிறந்த ஓவியர் வினோல்ட் ரைஸ் அவருக்கு ஆசான் ஆனார். ஆப்பிரிக்கக் கலையில் தம் வேரைத் தேடும்படி தூண்டினார். நிழல் போன்ற உருவங்கள், வட்டம் வட்டமாக விரியும் ஒளி, ஒருசில நிறங்கள் என டக்ளசுக்கு ஒரு தனிப் பாணி உருவாயிற்று.

நான்கு படங்கள்

அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டிய காலம். கலைஞர்களுக்கு வேலை தரும் அரசுத் திட்டத்தின் கீழ், ஹார்லம் 135-வது தெரு பொது நூலகத்துக்கு 1934-ல் நான்கு பெரிய படங்களை வரைந்தார். முதல் படத்தில் ஆப்பிரிக்க வாழ்வு. இரண்டாவதில் அடிமைத்தளையிலிருந்து விடுதலை. கூடவே முகமூடிக் குதிரை வீரர்களின் அச்சுறுத்தல். மூன்றாவதில் தென் மாநிலத்தின் ஆட்டமும் பாட்டும். ஒரு மூலையில், கும்பலால் கொல்லப்பட்டவருக்காக அழும் உறவினர்.

நான்காவது படம் நகர வாழ்வு. கையில் பெட்டியுடன் ஒருவன் பெரிய பல்சக்கரத்தின் மேல் ஓடி ஏறுகிறான். நடுவில் ஒருவன் சாக்சபோனை உயர்த்தி நிற்கிறான். மறுபுறம் ஒரு தொழிலாளி துவண்டு கிடக்கிறான். பிழைப்பும் நம்பிக்கையும் வீழ்ச்சியும் ஒரே சக்கரத்தில்! நகரம் எல்லாரையும் வாழவைக்கும் என்று அவர் பொய் சொல்லவில்லை.

பிறகு நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஓவியத் துறையை அமைத்து, 1966 வரை மாணவர்களுக்குக் கற்பித்தார். 1979 பிப்ரவரி 2-ந்தேதி காலமானார்.

அந்த நூலகம் இன்று ஷோம்பர்க் ஆய்வு மையமாக வளர்ந்திருக்கிறது. நான்கு படங்களும் அதன் உடைமையாக, அவர் யாருக்காக வரைந்தாரோ அந்த மக்களிடமே இருக்கின்றன.