பால்டுவின் மன்னன்

பன்னிரண்டாம் நூற்றாண்டில், சிலுவைப் போர் வீரர் அமைத்த கிறித்தவ அரசொன்று எருசலேம் நகரைத் தலைநகராகக் கொண்டு விளங்கிற்று. அதனை ஆண்ட அமால்ரிக்கு மன்னனின் ஒரே மகன் பால்டுவின். 1161ஆம் ஆண்டிற் பிறந்த இவனுக்கு 9 வயதானபோது, இவனைப் பயிற்றும் பொறுப்பை வில்லியம் என்னும் பேரறிஞர் ஏற்றார்.

பால்டுவினும் உயர்குடிச் சிறுவரும் கூடி விளையாடுங்கால், ஒருவர் கையை மற்றொருவர் நகத்தாற் கீறுவதுண்டு. மற்றைச் சிறுவர் நோவு பொறாது கூவினர். இளவரசனோ முகஞ் சுளியாது நின்றான். ஆசிரியர் முதலில் அதனைப் பொறையுடைமை என்றே எண்ணினார். பன்முறையும் அவ்வாறே நிகழக் கண்டு, அவனைத் தனியே அழைத்து வினவினார். அவனது வலக்கை பாதியளவு உணர்ச்சியற்றிருந்தது! ஊரெல்லாம் வீரமெனப் புகழ்ந்திருக்கக் கூடியதை நோயெனக் கண்டவர் அவ்வாசிரியரே. மருத்துவர் ஒத்தடமும் எண்ணெய்ப் பூச்சும் செய்து பார்த்தனர், பயனில்லை.

அது தொழுநோய். இந்நோய்க் கிருமி தோலையும் நரம்பையும் பற்றுவது. நரம்பு கெட்டவிடத்துச் சூடும் நோவும் தெரியா. ஆதலின் பட்ட புண் பேணப்படாது பெருகிக் கைகால்களைச் சிதைக்கும். நார்வே நாட்டு ஆன்சன் என்பார் 1873இல் அக்கிருமியைக் கண்டறிந்தார். இன்று சில திங்கள் மருந்துண்டால் நோய் நீங்கும். பால்டுவின் காலத்திலோ அம்மருந்தில்லை. எருசலேமின் மதிற்புறத்தே தொழுநோயாளர் இல்லம் ஒன்றே இருந்தது.

நோய் இன்னதென உறுதிப்படுமுன் 1174இல் தந்தை இறந்தான். 13 வயதுச் சிறுவன் முடிசூடினான். இளமை வளரவளர நோயும் உடன் வளர்ந்து, முகத்திலும் கைகால்களிலும் வெளிப்பட்டது. எனினும் அவனை மதிற்புறத்துக்கு எவரும் போக்கவில்லை. அவையும் படையும் மன்னனாகவே கொண்டன. அரசமகன் அல்லாத சிறுவனாயின் இஃது எளிதில் வாய்த்திராது.

கையுணர்ச்சி குன்றியும் பால்டுவின் குதிரையேற்றத்திற் சிறந்தான். 1177ஆம் ஆண்டு நவம்பரில், எகிப்தை ஆண்ட சலாதீன் பெரும்படையுடன் வந்தபோது, 16 வயதே நிரம்பிய இம்மன்னன் சிறுபடையுடன் சென்று மோண்டுகிசார் என்னுமிடத்தில் அப்படையை முறியடித்தான்.

திருமணம் அவனுக்கு வாய்க்கவில்லை. தமக்கை சிபில்லாவின் சிறு மகனையே தனக்குப்பின் அரசனாகக் குறித்தான். 1183இல் கண்ணொளி குன்றிற்று. கைகளும் கால்களும் பயன்படாவாயின. குதிரையேறிக் களித்தவன் பிறர் சுமக்கும் கட்டிலிற் கிடந்தான். அவ்வாண்டின் இறுதியில் கேரக்குக் கோட்டையைச் சலாதீன் முற்றுகையிட்டான் என்ற செய்தி எட்டியது. மன்னன் அக்கட்டிலிற் கிடந்தவாறே படையுடன் புறப்பட்டான். படை அணுகுதலும் சலாதீன் முற்றுகையை நீக்கி மீண்டான்.

1185இல், 24 வயது நிரம்புமுன்னரே, பால்டுவின் இறந்தான். எருசலேமின் திருக்கல்லறைக் கோவிலில் அவனை அடக்கம் செய்தனர்.