கூர்பே என்னும் ஓவியர்

கலைஞனுக்குக் கைத்திறன் ஒன்றே போதும் என நாம் எண்ணுகிறோம். தன் படைப்பினை உலகின்முன் வைப்பதற்கு அவன் படும் பாட்டை நாம் அத்துணை நினைப்பதில்லை. அதனைப் பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கூர்பேயின் வாழ்க்கை நமக்கு நன்குணர்த்தும்.

இவர் 1819-ஆம் ஆண்டில் ஒர்னான் என்னும் சிற்றூரிற் பிறந்தார். உழவரையும் கல்லுடைப்போரையும் உள்ளவாறே தீட்டிப் புகழும் பழியும் ஒருங்கே எய்தினார். 1855-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரில் உலகப் பொருட்காட்சி நடைபெறவிருந்தது. அதன்பொருட்டு, ஏறக்குறைய 20 அடி அகலமுள்ள 'ஓவியனின் பணிக்கூடம்' என்னும் படத்தை முந்திய ஆண்டிறுதியில் வரையத் தொடங்கினார். காமாலை நோய் வருத்தியது, நாளும் குறுகியது. சில பகுதிகள் நிறைவுறாமலே படத்தை அனுப்பினார். தேர்வுக் குழுவினர் அவருடைய படங்களில் 11-ஐ ஏற்றனர். இப்படத்தையும், 'ஒர்னானில் ஒரு நல்லடக்கம்' என்னும் மற்றொரு பெரும்படத்தையும் விலக்கினர்.

கூர்பே சோர்ந்திலர். பொருட்காட்சியின் அருகிலேயே தனிக்கூடம் ஒன்று எழுப்பத் துணிந்தார். இடம் பெறுதல், பணம் தேடுதல், கட்டட வேலை, படங்களைத் திரட்டுதல், பட்டியல் அச்சிடுதல் ஆகிய யாவும் தூரிகை பிடித்த அக்கையின்மேல் வீழ்ந்தன. ஜூன் 28-ஆம் நாள் திறக்கப்பட்ட அக்கூடத்தில் 40 படங்கள் இடம்பெற்றன. மக்கள் திரண்டு வந்திலர். நுழைவுக் கட்டணத்தையும் குறைக்க நேர்ந்தது. எனினும், முதுபெரும் ஓவியர் தெலாக்ருவா தனியே வந்து, நெடுநேரம் நின்று, விலக்குண்ட படத்தை வியந்தார்.

பிற்காலத்தில் தாய்நாடு துறந்து, 1877-இல் சுவிட்சர்லாந்தில் கூர்பே காலமானார். அன்று விலக்குண்ட அவ்விரு படங்களையும் இன்று பாரிஸ் நகரின் ஓர்சே அருங்காட்சியகத்திற் காண்கிறோம். தேர்வுக் குழுவின் தீர்ப்பே முடிவான தீர்ப்பன்று என்பதனை நாம் உணர்வோமாக.