ரெயிலில் பாடிய சிறுமி

ஓடும் ரெயிலில் பாட்டுப் பாடிக் காசு கேட்டாள், ஒரு சிறுமி. ஊர் கொடுமுடி. பெயர் சுந்தராம்பாள். அந்தக் குரல் அவளை நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

உடன் நடித்த செங்கோட்டை கிட்டப்பாவை அவர் மணந்தார். மேடையில் இருவரும் பாடினால் ஊரே திரளும்!

1933-ல் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25தான். அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை, 1980-ல் கண் மூடும்வரை அவர் மாற்றவில்லை. எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதமும் செய்தார்.

விடுவார்களா பட முதலாளிகள்? "பக்த நந்தனார்" படத்துக்கு அழைத்தார்கள். லட்சம் ரூபாய் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தாராம். கொடுத்துவிட்டார்கள்!

1935-ல் படம் வந்தது. அவர் போட்டது ஆண் வேடம், நந்தனார் வேடம். 1953-ல் "அவ்வையார்". அதிலும் ஜோடி கிடையாது.